சூளைக் கூலி போக மிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் பெங்களூரு வருகிறவர்கள் நிறையப் பேர். நோயாளிக்காவது ஒரு கட்டில் கிடைத்துவிடும். கூட வந்தவர்தான் வராந்தாவில் படுத்துக்கொண்டு, டீயும் பன்னுமாக நாளை ஓட்டுவார். அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் அல்சூரில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து சுடுமண் நகை செய்து விற்கிறோம்.

மண்ணுக்கும் சூளைக்கும் பாட்டரி டவுன் போய்விடுவோம். தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் அங்கே உண்டு.

ஜிமிக்கி இரண்டையும் ஒரே உருண்டை மண்ணில், ஒரே கனத்தில், ஒரே மூச்சில் செய்துவிட வேண்டும். காய்ந்து, சுட்டு முடிவதற்குள் மண் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஈரம் முன்னே பின்னே இருந்தால் ஒரு காதில் பெரிது, மறு காதில் சிறிது! கொக்கி மாட்டும் துளையை ஈரத்திலேயே குத்த வேண்டும். அப்புறம் வெயிலில் வைக்காமல் நிழலில் காய விடுங்கள். ஓரம் காய்ந்து நடுவில் ஈரம் நின்றால் விரிசல் விழும். அந்த ஈரத்தோடு சூளைக்குப் போனால் பட்டென்று வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சூடு 600 டிகிரியைத் தாண்டியபின் அது தண்ணீரில் கரையாத சுடுமண்.

மண்ணில் இருக்கும் இரும்பு, காற்றுப் பட வெந்தால் சிவப்பு. அதே நகையை மரத்தூளோடு பானைக்குள் போட்டு மூடிச் சுட்டால் கறுப்பு. சாயம் பூசியதைவிட இந்தக் கறுப்புதான் எனக்குப் பிடிக்கும். பட்டுப்புடவைக்கும் பொருந்தும், ஜீன்ஸுக்கும் பொருந்தும்.

சரி, காசு விஷயம். "நல்ல காரியத்துக்குத்தானே" என்று குயவரிடம் ஓசியில் சுட்டுத் தரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கூலியில் கை வைத்துவிட்டு, தர்மம் செய்தது நாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு ஜோடி 150 ரூபாய் என்றால், மண், சாயம், சிக்பேட்டையில் வாங்கும் கொக்கி எல்லாம் சேர்த்து 35, சூளைக் கூலி 25. மிச்சம் 90தான் சாப்பாட்டுக்கு. இந்தக் கணக்கை அட்டையில் எழுதி விற்கும் மேசையிலேயே வைத்துவிடுகிறோம். பேரம் பேச வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு அனேகமாகப் பேசாமல் காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒருமுறைதான் வருவார். நகை பிடித்துப்போனவர் தங்கச்சிக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று என்று திரும்ப வருவார். அதனால் நோயாளி படம் போட்ட பேனர் எதுவும் வைப்பதில்லை. கீழடியில் சுடுமண் மணிகள் கிடைத்ததை மட்டும் லேசாகச் சொல்லி வைப்போம். கல்லூரிப் பெண்கள் நின்றுவிடுவார்கள். வியாபாரத் தந்திரம்தான், இருக்கட்டுமே.

தீபாவளிக்கு விற்க நினைக்கிறவர்கள் இப்போதே மண் வாங்கிவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை பிடித்துக்கொண்டால் நகை லேசில் காயாது. சூளையிலும் அந்தச் சமயம் அகல் விளக்குக்குத்தான் முதல் இடம். வணக்கம்.