நிலா மறைத்தபோது தெரிந்த தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசியில் வானம் வெளுத்திருக்கும் ஓர் இரவு, ஒன்பது பத்து மணிக்கு முட்டத்திலோ மணக்குடியிலோ நின்று அண்ணாந்து பாருங்கள். கன்னி ராசி ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இருக்கும். அந்தப் பக்கத்தில் 3சி 273 என்று ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஓரளவு நல்ல தொலைநோக்கியில் மங்கலான நட்சத்திரம் போலத் தெரியும். ஆனால் அது நட்சத்திரம் அல்ல, குவேசார். தொலைவில் உள்ள ஒரு கேலக்ஸியின், அதாவது பெரிய நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே பெரிய கருந்துளை ஒன்று வாயுவை இழுக்கிறது. உள்ளே விழும் முன் அந்த வாயு சூடேறி வீசுகிற வெளிச்சம்தான் அது. அங்கிருந்து கிளம்பி 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு நம் கடலில் மீனே கிடையாது.

அதன் இடத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில், நிலா அதை மறைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே நிற்கும் என்பது துல்லியமாகத் தெரியும். அந்தக் குவேசாரிலிருந்து வரும் ரேடியோ அலை அறுந்த நொடியைக் குறித்துக்கொண்டால் போதும், இடம் கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையில், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில், ஹைட்ரஜன் கோடுகளை அடையாளம் கண்டார். அவை சிவப்புப் பக்கமாக 16 சதவீதம் நகர்ந்திருந்தன. அண்டம் விரிய விரிய, வழியில் வரும் ஒளி அலையும் நீள்கிறது. நீட்சி கூடக் கூட, நாம் பார்ப்பது அவ்வளவு பழைய காலம்.

இதே நிலா மறைப்பு முறையை மனத்தில் வைத்துத்தான் நம் ஊட்டியில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டினார்கள். 1970இல் வேலை முடிந்தது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து அதன் மேல் நிறுத்தினார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். ரேடியோ அலை வீசும் தொலைதூரக் கேலக்ஸிகளை அங்கே அளந்தபோது, அண்டம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை, காலத்தோடு மாறியே வந்திருக்கிறது என்பதற்கு நல்ல சான்று கிடைத்தது. நம் பள்ளிக்கூடங்கள் ஊட்டிக்குச் சுற்றுலா போகின்றன, படகுத் துறையோடு திரும்பிவிடுகின்றன. ஆசிரியர்களே, இந்தத் தொலைநோக்கி நிற்கும் முத்தொரை பக்கமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, இன்றைய நிலவரத்துக்கு வருவோம். அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். அண்டம் தொடங்கிய பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டுகள்கூட நிறையாத காலத்துக் கேலக்ஸியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டிவிட்டது. 70 கோடி ஆண்டுகள் ஆவதற்குள்ளேயே சூரியனைப் போல 160 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளையோடு ஒரு குவேசார் இருந்திருக்கிறது. ஒரு நட்சத்திரம் செத்து உண்டாகும் சிறிய கருந்துளை இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிதாவது கடினம். அப்படியானால் ஆதியில் பெரிய வாயு மேகமே நேராகச் சரிந்து கருந்துளை ஆகியிருக்குமா? அல்லது சிறியதே நாம் நினைத்ததைவிட வேகமாக விழுங்கி வளர்ந்ததா? இரண்டு தரப்பிலும் ஆள் இருக்கிறார்கள், வழக்கு இன்னும் தீரவில்லை.

நன்றி, வணக்கம்.