மீட்டிங்கில் மௌனம், கேன்டீனில் கச்சேரி: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். படிக்கிறேன். “ஐயா, தினமும் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் மீட்டிங் போடுகிறேன். ஏதாவது பிரச்சினை இருந்தால் சொல்லுங்கள் என்று நானே கேட்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. அப்புறம் கேன்டீனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசுகிறார்கள். இவர்களை எப்படிப் பேச வைப்பது?”

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “எப்படிப் பேச வைப்பது” என்று கேட்கிறார் பாருங்கள், அதுதான் உறுத்துகிறது. தம்பி, உங்கள் ஆட்களுக்குப் பேசத் தெரியும். கேன்டீனில் பேசுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக மீட்டிங்கில் வாய் திறந்தவருக்கு என்ன ஆனது? நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நம் சேனலை ரொம்ப நாளாகப் பார்ப்பவர்கள் சிரிப்பீர்கள், “ஆரம்பித்துவிட்டார்” என்று. ஆமாம், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றுதான். தலைவர் சொல்வதைக் குழு காதில் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பேசினவனுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதைத்தான் கண் கொட்டாமல் பார்க்கும்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா எழுந்து, “மத்தியானத்துக்கு மேல் இழை ரொம்ப அறுந்து போகுது சார், காத்துல ஈரம் பத்தலை” என்றார். நியாயமான பேச்சு. ஈரப்பதம் குறைந்தால் பஞ்சு இழை அறுகத்தான் செய்யும். மேனேஜர் சிரித்துக்கொண்டே, “ஏம்மா, நீங்க எப்போ ஸ்பின்னிங் மாஸ்டர் ஆனீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்தார். யாரும் யாரையும் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. ஆனால் அன்று மாலை வரை அந்த அறையில் வேறு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த மேனேஜரைக் கேட்டால் “நான் ஜாலியான ஆள் சார், யார் வேண்டுமானாலும் பேசலாம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியவே இல்லை.

சரி, குழு மட்டும் சும்மா இருக்குமா? ஹாத்தார்ன் ஆலையைப் பற்றி முன்பே விரிவாகப் பேசியிருக்கிறேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலை, 1931-32, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு அளவு வைத்திருந்தார்கள். கூடச் செய்தால் கூடக் காசு என்று நிர்வாகம் திட்டம் போட்டிருந்தும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. தாண்டினவனுக்கு மேல்கையில் ஒரு குத்து விழும். மேலதிகாரியிடம் போட்டுக் கொடுத்தாலும் அதே கதைதான். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம். அதிகம் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். ஆக, தம்பி, நீங்கள் மீட்டிங் போடுவதற்கு முன்பே உங்கள் ஷிப்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அது உங்களுக்கு எழுதிக் காட்டப்படாது.

இப்போது சாலஞ்சர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அமெரிக்க விண்கலம் வெடித்ததைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: 1986 ஜனவரி 28, கிளம்பிய 73 விநாடியில், உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். நான் சொல்ல வந்தது முந்தைய நாள் இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தை. பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோகால் கம்பெனியின் பொறியாளர்கள் யூட்டாவிலிருந்து பேசுகிறார்கள். குளிரில் பூஸ்டரின் மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம் இறுகிவிடும், மூட்டு அடைபடாது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்கிறார்கள். நாசா அதிகாரிகள் எரிச்சலாகிறார்கள். உடனே கம்பெனி ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டு லைனிலிருந்து விலகுகிறது. அது அரை மணி நேரம் நீள்கிறது. அந்த அறையில் ஒரு மூத்த மேலாளர் தன் பொறியியல் தலைவரிடம், “பொறியாளர் தொப்பியைக் கழற்று, நிர்வாகத் தொப்பியைப் போடு” என்கிறார். நான்கு மேலாளர்கள் முடிவெடுக்கிறார்கள், ஏவலாம் என்று. பொறியாளர்களிடம் மறுபடி கேட்கவில்லை.

லைனுக்குத் திரும்பி வந்து முடிவைச் சொன்னதும் நாசா தரப்பில் கேட்டார்கள்: யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? ஒருவரும் பேசவில்லை. தம்பி, இது உங்கள் மீட்டிங்தான்! கேள்வியும் அதே கேள்வி, மௌனமும் அதே மௌனம். அரை மணி நேரத்துக்கு முன்பு வரை வரைபடத்தைக் காட்டி வாதாடியவர்கள் அவர்கள். எப்படிப் பேச வைப்பது என்று அங்கே போய்க் கேட்க முடியுமா? பேசியதற்கு என்ன பலன் கிடைத்தது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டார்களே.

ஒருவர் மட்டும் மசியவில்லை. ஆலன் மெக்டொனால்ட், கம்பெனி சார்பில் ஃபுளோரிடாவில் ஏவுதளத்தில் இருந்தவர். ஏவலாம் என்ற பரிந்துரையில் அவர் கையெழுத்துப் போட மறுத்தார். யூட்டாவிலிருந்து அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். பிறகு விசாரணைக் குழு முன் மெக்டொனால்ட் நடந்ததைச் சொன்னார். என்ன கிடைத்தது தெரியுமா? பதவியிலிருந்து ஒதுக்கப்பட்டார். அமெரிக்க காங்கிரஸ் தலையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது, பழுதான அதே மூட்டைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1988 செப்டம்பரில் விண்கலம் மறுபடி பறந்தது. ஒதுக்கியபோதும் திரும்ப அழைத்தபோதும் அந்தக் கம்பெனியில் இருந்த ஒவ்வொரு ஊழியரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

விமானக் கதையைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் திட்டுவீர்கள். 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் 173. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் கேப்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடிக்கிறார். இன்னும் 15 நிமிடம் சுற்றினால் எரிபொருள் ரொம்பக் குறைந்துவிடும் என்று விமானப் பொறியாளர் சொல்லியும் பார்க்கிறார். “இப்போதே இறக்குங்கள்” என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். விசாரித்த அமைப்பு இரண்டு பக்கமும் பாடம் சொன்னது: கேப்டன்களுக்கு மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் பயிற்சி, கூட இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்லும் பயிற்சி. உங்கள் கேள்வி இரண்டாவதை மட்டும் கேட்கிறது!

அதே யுனைடெட் 1981-ல் அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. 1989 ஜூலையில் அவர்களுடைய டி.சி.10 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்பு மூன்றும் போய், திருப்ப வழியே இல்லாத நிலை. பயணியாக வந்திருந்த ஒரு விமானப் பயிற்சியாளரை கேப்டன் ஹெய்ன்ஸ் காக்பிட்டுக்கு அழைத்து, மிச்சமிருந்த இரண்டு எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை அவர் கையில் கொடுத்தார். சூ சிட்டியில் மோதித்தான் இறங்கினார்கள், இறந்தவர்களும் நிறைய. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பிறகு பல மேடைகளில் பேசினார்.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் ஷிப்டுக்கு வருகிறேன். நாளைக்கு “பிரச்சினை இருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். யாரோ எப்போதோ முனகிய ஒரு சின்ன விஷயம் இருக்கும், ஃபேன் ஓடவில்லை, கையுறை கிழிகிறது என்று. அதை எடுத்து, “இதைச் சொன்னீர்கள், ஸ்டோரில் பேசினேன், வியாழக்கிழமை வரும்” என்று சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். முதலில் வாய் திறப்பவர் அநேகமாக எரிச்சல் வருகிற மாதிரிதான் பேசுவார், அடக்கி வைத்தது அப்படித்தான் வெளியே வரும். மற்றவர்கள் அப்போது அவரைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஜோக் அடிக்காதீர்கள், தயவுசெய்து. கேன்டீன் பேச்சை நிறுத்தவும் முயற்சி செய்யாதீர்கள், அது அவர்கள் உரிமை.

இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவில் ஒப்படைப்புத் தகராறு என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது தனிக் கதை. திருப்பூரிலிருந்து ஒரு அம்மாவும் அதையே பீஸ் ரேட்டோடு, அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியோடு, சேர்த்துக் கேட்டிருக்கிறார், இரண்டையும் அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.