ஆப்பிரிக்காவில் எங்கே?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'ஆப்பிரிக்கா சென்று வந்தவர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்போடு போட்டதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரை 'ஆசியா சென்று வந்தவர்' என்று அறிமுகப்படுத்துவோமா? ஜப்பானா, துருக்கியா, பக்கத்திலிருக்கும் இலங்கையா என்று உடனே கேட்போம் இல்லையா? ஆப்பிரிக்கா என்றால் மட்டும் நமக்கு அந்த 'எங்கே?' எழுவதே இல்லை. ஒரே ஊருக்குப் போய் வந்தது போல நினைத்துக்கொள்கிறோம்.

சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர் நிலம் அது. ஒன்பது இந்தியாவை உள்ளே வைக்கலாம். ஐ.நா.வில் உறுப்பினராக இருக்கும் நாடுகள் மட்டும் 54. பள்ளிக்கூடச் சுவரில் நாம் பார்த்து வளர்ந்த உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்து அதில் பதினான்கில் ஒரு பங்கு. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவப் பக்கம் இருப்பதெல்லாம் ஊதிப் பெருக்கிறது, நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பது சுருங்கித் தெரிகிறது. நான் போனது 54-இல் ஐந்து நாடு. அந்த ஐந்தைப் பற்றியும், போக முடியாத இரண்டைப் பற்றியும் பேசுகிறேன்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "சிங்கம் பார்த்தீர்களா?" பார்த்தேன். தான்சானியாவில், செரெங்கெட்டியில். அது தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றி பதினாறு ஜீப் நின்றன. முதலில் சிங்கத்தை எண்ணினேன், பிறகு ஜீப்பை எண்ணினேன். அவ்வளவுதான் அந்தக் கதை. ஆனால் 'வில்டபீஸ்ட்' என்னும் காட்டுமாடுகள் பத்து லட்சத்துக்கும் மேல் மழையைத் தேடி வட்டமடிக்கும் வெளி அது. பிப்ரவரி வாக்கில் தெற்குப் புல்வெளியில் கன்று போடும், ஜூலைக்குப் பிறகு வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். அதைப் பார்க்கப் போவது தவறே இல்லை. எனக்கு அங்கே மனதில் நின்றது வேறு. 'செரெங்கெட்டி' என்ற பெயரே அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. முடிவில்லாமல் நீளும் நிலம் என்று பொருள் சொல்கிறார்கள். பெயர் வைத்த மக்களைத் தேசியப் பூங்காவுக்காக 1959-இல் வெளியேற்றி, பக்கத்திலுள்ள ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பினார்கள். மனிதர் கால் படாத காடு என்று விளம்பரத்தில் வருகிறதே, அது மாடு மேய்த்தவர்களை அப்புறப்படுத்திவிட்டு எடுத்த படம்.

அந்தப் பயணத்தில்தான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் இதை உண்டாக்கிய கை யாருடையது என்று கேட்டுக்கொள்வது. இன்று பேசப்போவதெல்லாம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்த நடைதான்.

எத்தியோப்பியாவின் லாலிபெலா. மலைமேல் சின்ன ஊர். தேவாலயம் எங்கே என்று நிமிர்ந்து தேடினால் தெரியாது, குனிந்து பார்க்க வேண்டும். காலடியில் ஒரு பெரிய குழி, குழிக்குள் சிலுவை வடிவத்தில் ஒரு கோயில், அதன் கூரை நாம் நிற்கும் தரையோடு தரையாக இருக்கிறது. கல்லை அடுக்கிக் கட்டியதில்லை. பாறையை மேலிருந்து வெட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். சுற்றிலும் அகழி போலத் தோண்டி, நடுவில் நின்ற பாறையைக் குடைந்து, தூண், சன்னல், வளைவு எல்லாம் அதிலேயே எடுத்திருக்கிறார்கள். இப்படிப் பதினொரு தேவாலயங்கள், 12, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆண்ட லாலிபெலா மன்னரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கேயும் சிகரத்தில் தொடங்கி இறங்கியிருக்கிறார்கள், அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. கட்டடத்தில் ஒரு கல் சரியில்லை என்றால் மாற்றலாம். இங்கே உளி ஒருமுறை தவறினால் போனது போனதுதான். லாலிபெலாவில் அடிவரை முடித்திருக்கிறார்கள்.

அது காட்சிப்பொருள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே வெள்ளைப் பருத்தித் துணி போர்த்தியவர்கள் சுவரோரம் சாய்ந்து நின்று வேண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸ். அந்தச் சமயத்தில் பல நாள் நடந்து வரும் யாத்திரிகர்கள் ஊரை நிறைத்துவிடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நமக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டேன். "பன்னிரண்டு மணிக்கு" என்றார்கள். நானும் பொறுப்பாகப் பதினொன்றரைக்கே பெட்டியோடு போய் நின்றேன். ஈ காக்கை இல்லை. டீக்கடைப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், பஸ் பன்னிரண்டுக்கே போய்விட்டது என்று. விடியற்காலை ஆறு மணி, அதுதான் அவர்களுடைய பன்னிரண்டு. சூரியன் எழுவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நம் ஜாதகக் குறிப்பில் 'உதயாதி நாழிகை' என்று எழுதுவது என்ன? அதுவும் உதயத்திலிருந்து எண்ணுவதுதானே. நடு இரவில், எல்லோரும் தூங்கும்போது நாள் பிறக்கிறது என்பதுதான் கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடு. சுவாஹிலி பேசும் கிழக்குக் கரையிலும் இதே கணக்குதான். எத்தியோப்பிய நாட்காட்டிக்குப் பதின்மூன்று மாதம். நம் ஆண்டுக் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் வருகிறது. உலகம் 2000-ஐக் கொண்டாடி முடித்து ஏழு ஆண்டு கழித்து, 2007 செப்டம்பரில் அவர்கள் தங்கள் 2000-ஐக் கொண்டாடினார்கள். ஏழு வயது குறைகிறது என்று என் மனைவிக்கு அந்த ஊர் மிகவும் பிடித்துப்போனது.

அடுத்து ஜிம்பாப்வே. விக்டோரியா அருவிக்குப் போனோம், நனைந்தோம். 1.7 கிலோமீட்டர் அகலத்தில் ஆறே விழுகிறது. 'இடிமுழங்கும் புகை' என்று பொருள்படும் மோசி-ஓவா-துன்யா என்ற பெயர் அதற்கு ஏற்கெனவே இருந்தது. 1855-இல் வந்த லிவிங்ஸ்டன் தன் ராணியின் பெயரை வைத்தார். எந்தப் பெயர் பொருத்தம் என்பதை அங்கே ஐந்து நிமிடம் நின்றால் காதே சொல்லிவிடும்.

ஆனால் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தெற்கே மஸ்விங்கோ என்ற ஊருக்குப் பக்கத்தில் 'மகா ஜிம்பாப்வே' இருக்கிறது. ஷோனா மக்களின் முன்னோர் 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை கட்டி வாழ்ந்த கல் நகரம். பெரிய மதிலின் சுற்று சுமார் 250 மீட்டர், சில இடங்களில் உயரம் 11 மீட்டர். சுண்ணாம்பு இல்லை, களிமண் பூச்சு இல்லை, கல்லின் மேல் கல். அந்தப் பகுதிக் கருங்கல் வெயிலிலும் குளிரிலும் அடை அடையாகத் தானே உரியும். அதை அளவாக உடைத்துச் செங்கல் போல அடுக்கியிருக்கிறார்கள். மதில் நேராக ஓடவில்லை, வளைந்து வளைந்து போகிறது. கையை வைத்துக்கொண்டே நடந்தேன். கத்தி நுழைய இடமில்லாத வரிசைகள்.

இந்த மதிலுக்கு நேர்ந்த கதையைக் கேளுங்கள். 1871-இல் கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர் வந்தார். இவ்வளவு பெரிய வேலையைக் கறுப்பின மக்கள் செய்திருக்க முடியாது என்பது அவர் மனதில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நிலைச்சட்டத்திலிருந்து ஒரு சிராய் மரத்தை எடுத்து, கையிலிருந்த பென்சில் மரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, அப்படியானால் இது தேவதாரு, அப்படியானால் லெபனானிலிருந்து வந்தது, அப்படியானால் கட்டியவள் பைபிளில் வரும் ஷீபா நாட்டு ராணி! ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றையே வேறொருவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்து வந்தவர்கள் அந்தப் 'பழைய நாகரிகத்தை'த் தேடி, நடுவிலிருந்த ஆப்பிரிக்க மண்ணடுக்குகளைக் குப்பை என்று வாரிக் கொட்டினார்கள். சாட்சியைக் கொன்றுவிட்டுச் சாட்சி இல்லை என்று சொன்ன மாதிரி. 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற தொல்லியலாளர் முறையாகத் தோண்டி, இது முழுக்க ஆப்பிரிக்கர் கட்டியதே என்று எழுதினார். அதற்குப் பிறகும், அந்நாட்டை அப்போது ரொடீசியா என்ற பெயரில் ஆண்ட வெள்ளையர் அரசு விடவில்லை. வழிகாட்டி நூல்களில் உண்மையை நேராக எழுதக்கூடாது என்று நெருக்கியது. 1980-இல் நாடு விடுதலை பெற்றபோது அந்தக் கல் நகரத்தின் பெயரையே நாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். அங்கே கிடைத்த மாக்கல் பறவை கொடியில் உட்கார்ந்திருக்கிறது. வேறு எந்த நாடு ஓர் இடிபாட்டின் பெயரை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சட்டென்று தோன்றவில்லை.

அந்த நகரத்துக்குள் சீனப் பீங்கான் துண்டுகளும் பாரசீக மண்கலமும் கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கும் ஊர் அது. பொன் கீழே இறங்கிக் கரைக்குப் போயிருக்கிறது, மணியும் பீங்கானும் மேலே ஏறி வந்திருக்கின்றன. அந்தக் கரையை இன்று பார்க்க வேண்டுமானால் தான்சானியாவின் கில்வா, சான்சிபார். வாடைக்காற்றை அங்கே 'கஸ்காசி' என்பார்கள், தென்பக்கக் காற்றை 'கூசி'. ஒன்றில் நம் பக்கத்திலிருந்து பாய்மரக் கப்பல் போகும், மற்றதில் திரும்பும். சான்சிபாரில் 'கல் நகரம்' எனப்படும் பழைய பகுதியின் சந்துகளில் பித்தளைக் குமிழ் பதித்த கதவுகளை எல்லோரும் படமெடுக்கிறார்கள். 1873 வரை அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இப்போது தேவாலயம் நிற்கிறது. அங்கே கூட்டம் குறைவு.

அடிமை வணிகத்தின் மேற்குக் கரையைக் கானாவில் பார்த்தேன். எல்மினா கோட்டையைப் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கியது 1482-இல். கொலம்பஸ் கப்பலேறுவதற்குப் பத்து ஆண்டு முன்பு. முதலில் பொன்னுக்காக, பிறகு மனிதருக்காக. பக்கத்திலுள்ள கேப் கோஸ்ட் கோட்டையில் நிலவறை இருக்கிறது, அதற்கு மேலே வழிபாட்டுக் கூடம். நிலவறையிலிருந்து கடலுக்குத் திறக்கும் கதவின் மேல் 'திரும்பாத வாசல்' என்று எழுதியிருக்கிறது. வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால், அதே கதவின் மறுபக்கத்தில் 'திரும்பும் வாசல்' என்று எழுதியிருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே வண்ணப் படகுகள், வலை பழுது பார்க்கும் ஆட்கள், பந்து விளையாடும் பிள்ளைகள். எங்களோடு வந்த ஓர் அமெரிக்கக் குடும்பம் அந்த நிலைப்படியில் நின்றுவிட்டது. அதைப் பற்றி மேலே பேச எனக்கு உரிமை இல்லை.

போக முடியாத இரண்டு இடம் என்றேன். ஒன்று மாலி நாட்டின் ஜென்னே. 1907-இல் எழுப்பிய மண் மசூதி. சுவரெங்கும் பனங்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் ஊரே திரண்டு, உமி சேர்த்துப் பிசைந்த மண்ணைச் சுமந்து வந்து பூசும்போது அந்தக் கட்டைகளே ஏறி நிற்கச் சாரம். மண்வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பூசாமல் விட்ட சுவர் இரண்டு மழை தாங்காது. இன்னொன்று சூடானின் மெரோவே. எகிப்தில் உள்ளதைவிட அதிகமான பிரமிடுகள் சூடானில்தான், மெரோவேயில் மட்டும் இருநூறுக்கு அருகில். பலவற்றுக்கு உச்சி இல்லை. 1834-இல் புதையல் தேடி வந்த இத்தாலிய மருத்துவர் ஃபெர்லினி உடைத்த கணக்கு அதில் உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து சூடானில் போர். மாலியிலும் பாதுகாப்பு இல்லை. லாலிபெலா இருக்கும் அம்ஹாரா பகுதியிலும் 2023-லிருந்து சண்டை நடக்கிறது. கிளம்பும் முன் அந்தந்த வார நிலவரத்தைப் பாருங்கள். என் பழைய பயணக் கதையை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் மறக்காதீர்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டால்தான் ஊசி போட்டதற்கான சான்று அட்டை செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எத்தியோப்பியா, கானாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

ஐந்தாவது நாடு மொரிஷியஸ். அது ஆப்பிரிக்காவா என்று புருவம் உயர்த்துகிறீர்கள். ஆமாம், 54-இல் அதுவும் ஒன்று. தேனிலவுக் கடற்கரைகளை விட்டுவிடுங்கள். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அப்பிரவாசி காட் என்ற பழைய கல் கட்டடம் இருக்கிறது. 1834-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலித் தொழிலாளர்கள் கால் வைத்த இடம். கடலிலிருந்து மேலே ஏறும் படிகள் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. தமிழர்களும் அந்தப் படியில் ஏறியவர்கள்தான். தைப்பூசக் காவடிக்கு அந்த நாட்டில் அரசு விடுமுறை.

1998-இல் அங்கே புது ரூபாய்த் தாள்கள் வந்தபோது, வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து வரும் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. தமிழர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, வரிசையை மாற்றி மறுபடி அச்சிட்டார்கள். இன்றைய நூறு ரூபாய்த் தாளில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி வழக்கறிஞர். பேரன் பேத்திகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பலருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் அந்த எழுத்து இரண்டாம் இடத்தில் இருந்தாக வேண்டும்.

அந்தத் தாள் ஒன்று என் பையில் இருக்கிறது. விமான நிலையத்தில் மாற்றாமல் எடுத்து வந்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் மேசைப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். மடிக்காமல் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.