வந்தவர் நான்கு, புறப்படுபவர் மூன்று

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்காலில் பிறந்தவன். பிழைப்பு பிரான்சில், படகுகளுக்கு மின்கம்பி போடுகிற வேலை. பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைத் தாண்டிய அனுபவத்தைப் பேசச் சொல்லி அழைத்தார்கள். ஆனால் எனக்கு மனதில் நிற்பது கடல் இல்லை. அதன் மறுகரையில் இருக்கும் ஒரு பழைய துறையும், அங்கே நான் பிரிந்துவந்த ஒரு மனிதரும்தான்.

படகில் நாங்கள் நான்கு பேர். சொந்தக்காரரான கேப்டன், அவர் மனைவி, நான், அப்புறம் பிரான்சின் பிரத்தானிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர். அவருக்கு 63 வயது. பெயர் வேண்டாம், தச்சர் என்றே சொல்கிறேன். அவரை அண்ணே என்று கூப்பிட்டேன், என்னைத் தம்பி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தேன். அவர் வாயில் அது கடைசிவரை "தாம்பி"தான்.

ஜனவரியில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளின் மிந்தேலு துறையிலிருந்து கிளம்பினோம். கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்த்தினிக் தீவுக்குச் சுமார் 2,100 கடல்மைல், எங்களுக்கு 16 நாள் ஆனது. அந்த மாதங்களில் வாடையும் கொண்டலும் கலந்த மாதிரி ஒரு காற்று, வடகிழக்கிலிருந்து விடாமல் முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். கேட்பதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் பின்காற்றில் படகு இரண்டு பக்கமும் புரளும், சோற்றுத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட முடியாது.

இரவு 12 மணியிலிருந்து 4 மணிவரை எனக்கும் தச்சருக்கும் காவல். அவர் வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு கயிற்றையும் இருட்டிலேயே தடவிப் பார்ப்பார். கயிறு தேய்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்பார். ஒன்பதாவது இரவு, பாயின் அடிமரத்தை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. அதற்குச் சற்று முன்பு அவர் அந்தக் கயிற்றைத் தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் என் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்திருந்தார். அடிமரம் என் தலை இருந்த உயரத்தில் வீசிக்கொண்டு போனது. காலையில் பார்த்தால் காலர் பொத்தானைக் காணோம், நூல் மட்டும் தொங்கியது. இன்றைக்கும் அந்தச் சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை.

பதினாறாம் நாள் விடியும்போது மார்த்தினிக்கின் எரிமலையான பெலே மலை தெரிந்தது. உயரம் 1,397 மீட்டர், தலை மேகத்துக்குள் இருந்தது. டொமினிக்காவுக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவே உள்ள கால்வாயில் நுழைந்து, தீவின் வடமுனையைச் சுற்றி மேற்குப் பக்கம் திரும்பினோம். திரும்பியதும் காற்று நின்றுவிட்டது, மலை மறைத்துக்கொண்டது. பாய் துணிபோலத் தொங்கியது. பதினாறு நாள் காதில் இரைந்த சத்தம் போய், ஈர மண் வாசனை வந்தது. எங்கள் ஊரில் முதல் மழை பெய்ததும் வருமே, அதே வாசனை.

அங்கே இருக்கிறது சேன் பியேர். 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய ஊர், கரீபியத்தின் பாரிஸ் என்று பெயர் வாங்கியது. 1902 மே 8, வியாழக்கிழமை, காலை 8 மணி அளவில் பெலே மலை வெடித்தது. நெருப்புப்புழம்பு ஓடிவரவில்லை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மேகமாகத் திரண்டு சரிவில் உருண்டு வந்து, சில நிமிடங்களில் ஊரை அழித்தது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். வாரக்கணக்காகச் சாம்பல் கொட்டியும் பெரும்பாலோர் ஊரிலேயே இருந்தார்கள். 11ஆம் தேதி தேர்தல் நடக்க இருந்தது. ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல வந்திருந்த ஆளுநரும் மனைவியோடு செத்துப்போனார். நாடக அரங்கின் படிக்கட்டு இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே சிப்பாரிஸ் என்ற கைதியை உயிரோடு காப்பாற்றிய கல் அறையும் நிற்கிறது.

துறையில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. ராடம் என்ற பிரிட்டிஷ் கப்பல் மட்டும், வெந்துபோன மாலுமிகளோடு தப்பி செயின்ட் லூசியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூழ்கிய கப்பல்கள் இன்னும் அடியில்தான் கிடக்கின்றன. நங்கூரம் போடும்போது அது நினைவில் இருக்க வேண்டும். கரையை ஒட்டித் தண்ணீருக்கடியில் ஒரு குறுகலான மேடை, அதைத் தாண்டினால் தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கிவிடும். தச்சர் முன்னணியத்தில், அதாவது படகின் முன்முனையில் நின்று கைச்சாடை காட்டுவார். முஷ்டி மடக்கினால் நிறுத்து, விரல் ஆட்டினால் மெதுவாகப் பின்னால். சங்கிலியில் பத்து மீட்டருக்கு ஒரு வண்ணம் பூசியிருந்தார். மூன்றாவது வண்ணம் தண்ணீருக்குள் போனதும் முஷ்டியை மடக்கினார். நங்கூரம் பிடித்துக்கொண்டது.

மார்த்தினிக்கில் குடியேற்றப் பதிவு பெரிய சடங்கு இல்லை. துறைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் கணினி வைத்திருப்பார்கள், நாமே தட்டச்சு செய்து, தாளில் எடுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளலாம். கேப்டன் தட்டினார், நான் பக்கத்தில் நின்றேன். வந்தவர் நான்கு. புறப்படுபவர் மூன்று. தச்சர் அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்புவது முதலிலேயே பேசி வைத்த ஏற்பாடுதான். இருந்தாலும் அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

காரைக்கால்காரன் என்பதால் எனக்கு இன்னொரு எண்ணும் நினைவுக்கு வந்தது. 1848இல் இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 மே 6 அன்று ஒரேலி என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களை இந்தத் தீவில் கொண்டுவந்து இறக்கியது. 1884வரை சுமார் 25,000 பேர் வந்தார்கள். நிறையப் பேர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பல் ஏறிய தமிழர்கள். மாதக்கணக்கில் ஒரே தளத்தில் படுத்து, ஒரே தண்ணீரைக் குடித்து வந்தவர்களை இறங்கியதும் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். பக்கத்தில் படுத்திருந்தவர் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்றுகூடப் பலருக்குத் தெரிந்திருக்காது. தீவின் வடக்கே மாரியம்மனை இன்னும் கும்பிடுகிறார்கள், மாலியேமன் என்கிறார்கள். பேச்சுத் தமிழ் போய்விட்டது, அம்மன் இருக்கிறாள். இதைத் தச்சரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவங்களுக்கு முகவரி எழுதிக்கொடுத்துப் பிரியவும் வழியில்லையே" என்றார்.

மறுநாள் காலை ரப்பர் படகில் அவரைக் கரைக்குக் கொண்டுபோனேன். அவருடைய துணிப்பை ஈரத்துக்குப் பயந்து குப்பைப் பையில் சுற்றியிருந்தது. கறுப்பு மணலில் இறங்கி, சாலையோரம் தீவின் தலைநகரான ஃபோர் தெ ஃப்ரான்சுக்குப் போகும் வண்டிக்காக நின்றோம். பேச்சு வரவில்லை. இரவில் நான்கு மணிநேரம் பேசாமலே உட்கார்ந்து பழகியவர்கள், அதனால் அது கஷ்டமாகவும் இல்லை. வண்டி வந்தது. விடைபெறும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும் என நடுக்கடலில் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஏறும்போது திரும்பி, "தாம்பி, வந்துட்டுப் போறேன்" என்றார். நான் திருத்தவில்லை.

அன்று இரவு 12 மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. நங்கூரத்தில் நிற்கிற படகுக்குக் காவல் தேவையில்லை. மேலே போய்க் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

விடிந்ததும் கிளம்பினோம். முன்னணியத்தில் இப்போது நான். சங்கிலி ஏறியது, மூன்றாவது வண்ணம் வந்தது, இரண்டாவது, முதலாவது. நங்கூரத்தின் கொழுவில் கறுப்பு மணல் அப்பிக்கொண்டு வந்தது. அதை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, கேப்டன் பார்க்கும்படி முஷ்டியை மடக்கினேன்.