ஆல்கஹால் இல்லாத பீர் குடிச்சாலும் கவுட் வலிக்குமா?

[திரையில்: பீர் பாட்டில், பக்கத்துல வீங்கிச் சிவந்த கால் கட்டைவிரல்]

கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வீங்கி வலிக்கிற நோய், இருக்கற சிலர் ஒரு குறுக்கு வழி வச்சிருக்காங்க: ஆல்கஹால் இல்லாத பீர். போதையும் இல்ல, வலியும் இல்லன்னு கணக்கு. பாட்டிலைக் கொஞ்சம் கீழ வைங்க! பீர்ல பியூரின் வகைப் பொருள் ஒண்ணு இருக்கு, பேரு குவானோசின், அது உடம்புல யூரிக் ஆசிட்டா மாறும். ஆல்கஹாலை எடுத்த பீர்லயும் பியூரின் மிச்சம் இருக்கும். நிஜ பீர் அளவுக்கு மோசமில்ல, அதுக்காக இளநீரும் இல்ல.

பேசிக் வேகமா. ரத்தத்துல யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினா ஊசி ஊசியா மூட்டுல படிய ஆரம்பிக்கும். ஆல்கஹால் அதைக் கூட்டவும் செய்யும், சிறுநீர்ல வெளியேற விடாமத் தடுக்கவும் செய்யும். முடிஞ்சது.

2004-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு: 47,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்கள், 12 வருஷம். தினம் ஒரு பீருக்கு கவுட் வர்ற ஆபத்து 49% கூடுது, விஸ்கி மாதிரி சரக்குக்கு 15%. வைனுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. வைன் கட்சிக்காரங்க பட்டாசு வெடிக்காதீங்க, அது கவுட் புதுசா வர்றதைப் பத்தின கணக்கு. ஏற்கெனவே கவுட் இருந்தா வைனும் வலியைக் கிளப்பும்னு 2014-ல இன்னொரு ஆய்வு சொல்லிடுச்சு.

இப்ப எனக்குப் பிடிச்ச கதை!

[திரையில்: துருப்பிடிச்ச கார் ரேடியேட்டர்]

அமெரிக்காவுல அலபாமா மாதிரி தெற்கு மாநிலங்கள்ல கள்ளச்சாராயம் காய்ச்சினவங்க, ஆவியைக் குளிர வைக்க எதை மாட்டினாங்க தெரியுமா? பழைய கார் ரேடியேட்டர்! இன்ஜினுக்கு ஆகுறது சாராயத்துக்கு ஆகாதான்னு நினைச்சிருப்பாங்க. அதோட இணைப்பெல்லாம் ஈயம் வச்சுப் பத்த வச்சது. ஈயம் சாராயத்துல இறங்கி, குடிச்சவங்க சிறுநீரகத்தைக் கெடுத்து, யூரிக் ஆசிட் உள்ளேயே தேங்கி, கவுட். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல பெரிய மனுஷங்க குடிச்ச போர்ட் வைன்லயும் ஈயம் இருந்துச்சு. 1859-ல லண்டன் டாக்டர் ஆல்ஃபிரட் காரட் எழுதுறார்: அவர்கிட்ட வந்த கவுட் நோயாளிகள்ல கால்வாசிப் பேர் ஈயத்தோட புழங்கின பெயின்டர், பிளம்பர்!

ஒரே ஒரு சீரியஸ் விஷயம். யூரிக் ஆசிட்டைக் குறைக்கற அலோபியூரினால் மாத்திரை சாப்பிடறவங்க, வலி வந்த அன்னிக்கு நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.

அப்புறம், பீர் குடிச்சா கிட்னி கல் கரைஞ்சிடும்னு சொல்ற மாமா உங்க வீட்டுலயும் இருப்பார். யூரிக் ஆசிட்டும் கல்லாகும்னு அவருக்குத் தெரியாது. ஃபேமிலி குரூப்ல இந்த வீடியோவைப் போட்டுட்டு, அவர் என்ன சொன்னார்னு கமென்ட்ல எழுதுங்க!