கொள்ளிட முகத்துவாரமும் அட்லாண்டிக்கின் அடிநீரும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கொள்ளிடம் பெருகி வரும் நாளில் பழையாறு முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். ஆற்றின் செந்நீர் கடல்மேல் பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும். நல்ல தண்ணீருக்குக் கனம் குறைவு, அதனால் உடனே கலக்காது. வேதாரண்யம் பக்கம் போர் போடுகிறவர்களுக்கும் இது தெரியும்: மேலாக நின்றால் நல்ல தண்ணீர், ஆழம் போனால் உப்பு. உலகத் தட்பவெப்பத்தைப் புரட்டிப் போட்டதிலும் இந்தக் கன வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

கிரீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கம் போய்ச் சேரும் உப்பு மிகுந்த வெதுவெதுப்பான நீர் குளிர்ந்து, கனத்து, ஆழத்துக்கு இறங்கி, அடியிலேயே தெற்கே திரும்புகிறது. 2004 முதல் அட்லாண்டிக்கில் கருவிகளை நிறுத்தி இதை அளக்கிறார்கள். விநாடிக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர். மேட்டூரின் 93.47 டி.எம்.சி. கொள்ளளவு இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும்!

சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன், வடக்குப் பனிப்படலங்களிலிருந்து பிய்ந்து வந்த பனிப்பாறைகள் அங்கே உருகின. உருகிய நல்ல தண்ணீர் மூடிபோட்டது. நீர் கீழே இறங்குவது ஏறக்குறைய நின்றது. இதற்குச் சாட்சி கடலடிச் சேறு.

கடல்நீரில் கரைந்த யுரேனியத்திலிருந்து தோரியம்-230, புரோட்டாக்டினியம்-231 என்ற இரண்டு கதிரியக்கத் தனிமங்கள் பிறக்கின்றன. பிறக்கும்போது தோரியத்துக்குப் புரோட்டாக்டினியம் எவ்வளவு என்று கதிரியக்க அளவில் பார்த்தால், விகிதம் 0.093. தோரியம் சில பத்தாண்டுகளில் துகளில் ஒட்டி அங்கேயே படியும். புரோட்டாக்டினியம் நூறாண்டுக்கு மேல் நீரில் தங்கும். அடிநீரோட்டம் அதை அள்ளிக்கொண்டு போகும். ஓட்டம் இருந்தால் சேற்றில் விகிதம் குறையும். பெர்முடா அருகே எடுத்த சேற்றில், அந்தக் காலத்துப் படிவில் விகிதம் 0.093-ஐ நெருங்கியிருந்தது; அள்ளிக்கொண்டு போக ஓட்டம் இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஏமாறவும் இடமுண்டு. டயட்டம் பாசியின் சிலிக்கா ஓடு புரோட்டாக்டினியத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டம் இருந்தும் விகிதம் ஏறிவிடும். அதே சேற்றில் சிலிக்காவையும் அளக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இன்னொரு சாட்சி, ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிரிகளின், மணல் பருமனில் இருக்கும் ஓடுகள். அவை வாழ்ந்த நீரின் கார்பன் அந்த ஓட்டில் பதிந்திருக்கும். சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் அலசி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். கடல்தரைமேல் வாழ்ந்த இனத்தைத்தான் எடுக்க வேண்டும். சேற்றுக்குள் வாழ்ந்த இனத்தில் அழுகலின் கார்பன் ஏறியிருக்கும். அடிநீர் தேங்கிப் பழசாகிவிட்டது என்று பொய் சொல்லும். புழுக்கள் வேறு மேல் 10 செ.மீ. சேற்றைக் கிளறிவிடும். ஆயிரம் ஆண்டுக்கு 2 செ.மீ. மட்டுமே படியும் இடத்தில், 5,000 ஆண்டுக் கதை ஒன்றாகக் குழம்பிவிடும். வேகமாகச் சேறு படியும் இடத்தைத் தேடிப் போவது அதனால்தான்.

வெதுவெதுப்பான நீர் வருவது குறைந்து வட அட்லாண்டிக் குளிர்ந்த அந்தக் காலத்தில், பூமத்திய ரேகையை ஒட்டிய மழைப் பட்டை தெற்கே நகர்ந்தது. தென்மேற்குப் பருவமழை தளர்ந்ததை அரபிக்கடல் படிவுகள் காட்டுகின்றன. குடகில் பெய்யும் அந்த மழையை நம்பித்தான் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக் குறுவைக்கு நாற்று விடுகிறோம்.