மன்னார்குடி வயலுக்கு மேல் விண்கலம் வந்து நின்றால்?

சம்பா நடவு முடிந்த வயல். அதற்கு மேல், தென்னை உயரத்தில், ஆயிரம் டன் விண்கலம் ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. கீழே ஒரு நாற்றுகூட அசையவில்லை. படங்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! "இறக்கையே இல்லாமல் எப்படி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: காற்று எங்கே?

பின்னணி சுருக்கமாக: விமானம், ஹெலிகாப்டர், ராக்கெட் மூன்றும் எதையாவது கீழே தள்ளித்தான் மேலே நிற்கின்றன. நியூட்டனின் மூன்றாம் விதி.

[திரையில்: கணக்கு]

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கலத்தின் விட்டம் 36 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு முழுவதும் காற்றைக் கீழே தள்ளுகிறது. தரையை ஒட்டிய காற்று ஒரு கனமீட்டருக்கு 1.2 கிலோதான். அதைக் கொண்டு ஆயிரம் டன்னைத் தாங்க வேண்டுமென்றால், காற்று மணிக்குச் சுமார் 450 கி.மீ. வேகத்தில் கீழே பாய வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 120 கி.மீ. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் அதற்கே அடியோடு சாய்ந்தன. காற்றின் தாக்கம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஆக, நம் விண்கலத்துக்குக் கீழே கஜாவைப் போல 14 மடங்கு தாக்கம்! விட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் வேகம் 225 கி.மீ.தான் வரும். அப்போதும் கஜா தோற்றுவிடும். கஜாவைப் பார்த்த டெல்டாக்காரர் யாரும் அந்த அமைதியான வயல் காட்சியை நம்பக் கூடாது என்பேன்.

இறக்கை வைத்தால்? நிற்க முடியாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இஸ்ரோவின் புஷ்பக், அதாவது இறக்கை வைத்த சோதனை விண்கலம், 2024 ஜூனில் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில், 4.5 கி.மீ. உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விடுபட்டுத் தானாகவே இறங்கியது. ஓடுதளத்தைத் தொட்ட வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கும் மேல், பயணிகள் விமானத்துக்கு 260 போதும். விண்வெளிக்குப் போய்வரும் கலத்துக்குக் குட்டை இறக்கைதான் வாய்க்கும். அதற்கு விலை, இந்த வேகம்.

ஈர்ப்பையே ரத்துசெய்யும் இயந்திரம் என்று கதாசிரியர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், அது கதையின் உரிமை. ஆனால் அந்தக் கலம் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பாயும்போது காற்று விலகித்தான் ஆக வேண்டும். அந்த அதிர்வலையில் திருவாரூர்வரை ஜன்னல்கள் அதிர வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த விண்கலம் எது? எடையையும் அகலத்தையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அதற்கும் காற்றுக் கணக்குப் போடுவோம்.